கோயில் ஹாலில் ஐந்து நிமிடம் பேசுவது எப்படி

அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, நவம்பர் 16-க்குக் கோயில் ஹால்ல பேசச் சொல்லிட்டாங்க. அஞ்சு நிமிஷம், தமிழ்ல. ஒரு ஸ்பீச் எழுதித் தாங்களேன்."

எழுதித் தர மாட்டேன், வேண்டுமானால் கூட உட்காருகிறேன் என்றேன். நவம்பர் 16, தென்னாப்பிரிக்காவில் நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக முதல் கப்பலில் வந்து இறங்கிய நாள். இங்கே டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பல வருஷம் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தியவன் நான். பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்து, அவர்கள் அதை மேடையில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அடுத்தவர் எழுதிய பேச்சு அடுத்தவர் செருப்பு மாதிரி. நடக்கலாம், ஆனால் நடை நம்முடையதாக இருக்காது.

எங்களுக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரத்தில் என்ன செய்தோம் என்பதையே வரிசையாகச் சொல்கிறேன். டர்பனோ பீட்டர்மாரிட்ஸ்பர்கோ, கல்யாணமோ கருமாதியோ பள்ளி விழாவோ, வேலை ஏறக்குறைய இதேதான்.

முதலில் ஹாலை விசாரியுங்கள்

பேனாவை எடுப்பதற்கு முன்னால் விழா நடத்துகிறவருக்கு ஒரு போன் போடுங்கள். எனக்கு முன்னால் யார் பேசுகிறார்கள், எனக்குப் பின்னால் என்ன, மைக் நிற்கிற மைக்கா கையில் பிடிக்கிறதா, சாப்பாடு எத்தனை மணிக்கு. இந்த நாலும் தெரிந்தால் பாதிக் கவலை தீரும். அக்கா மகளுக்கு முன்னால் வார்டு கவுன்சிலர், பின்னால் பிள்ளைகளின் பரதநாட்டியம், அதற்கப்புறம் சாப்பாடு. அதாவது, கவுன்சிலர் இழுத்தால் இவளுடைய நேரம்தான் தேயும். ஐந்து நிமிடம் என்றால் நாலு நிமிடத்துக்குத் தயார் செய் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

அப்புறம், யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கண்ணை மூடி யோசியுங்கள். நம் ஊர் ஹால் எல்லாம் ஒரே மாதிரிதான். முன்வரிசையில் பாடசாலையில் தமிழ் படித்த தாத்தாக்களும் ஆயாக்களும். நடுவில், காதில் விழுந்தால் புரிந்துகொள்வார்கள், ஆனால் திருப்பிப் பேச வராது என்கிற வயதுக்காரர்கள். பின்னால் சுவரோரமாகப் போனைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், அவர்களுக்கு "வணக்கம்", "சாமி", "சாப்பாடு" தவிர எல்லாம் இங்கிலீஷ்தான். சமையல்கட்டுப் பக்கம் உதவிக்கு வந்த ஜூலு அக்காக்கள் இருப்பார்கள். ஒரே பேச்சு இத்தனை பேர் காதிலும் விழப்போகிறது. முன்வரிசைக்காக மட்டும் பேசினால் நாற்பது பேருக்குப் பேசியதாக ஆகும், மீதி ஹால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

பிரியாணி வரிசைச் சோதனை

அவள் முதலில் எழுதிக் கொண்டுவந்தது இரண்டு பக்கம். 1860-இல் ட்ரூரோ கப்பல், 342 பேர், கரும்புத் தோட்டம், காந்தி, வள்ளியம்மை, தமிழின் பெருமை, நம் அரசியல் சாசனத்தின் 6-ஆவது பிரிவில் தமிழின் பெயர் இருப்பது, இளைஞர்கள் தமிழ் படிக்க வேண்டும், நன்றி வணக்கம். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே மேடையில் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே கப்பல் இதே துறைமுகத்துக்குத்தான் வந்தது.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். விழா முடிந்து எல்லாரும் வெஜிடபிள் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறார்கள். லேட்டாக வந்த ஒருவர், "அந்தப் பொண்ணு என்னதான் பேசிச்சு?" என்று கேட்கிறார். தட்டை ஏந்திக்கொண்டே பக்கத்தில் இருப்பவர் என்ன பதில் சொல்வார்?

அவள் யோசித்தாள். "நம்ம ஹிஸ்டரி பத்தி..." என்று இழுத்தாள். அப்படியானால் பேச்சு இன்னும் பிறக்கவில்லை. ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் கையில் வரும் வரை வேறு எதையும் எழுத வேண்டாம். எங்களுக்கு அந்த வாக்கியம் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. கிடைத்தது மேஜையில் அல்ல, அவளுடைய அப்பாவைப் பெற்ற ஆயா வீட்டில்.

சரக்கு எங்கே கிடைக்கும்

அந்த ஆயாவிடம் ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. அதற்குள் கப்பல் பட்டியலிலிருந்து எப்போதோ எடுத்த ஒரு காப்பி. ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வரி உண்டு: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளம். ஆயாவின் ஆயா அதில் ஐந்து இலக்க எண்ணாக இருந்தார். வயது 18. ஊர்ப் பெயரை எழுதிய குமாஸ்தா அவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், எந்த வரைபடத்திலும் அந்த ஊர் இல்லை. கடைசியில், முழங்காலில் தழும்பு.

"இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு ஆயா?" என்று இவள் சும்மா கேட்டிருக்கிறாள். ஆயா சிரித்தாராம். சின்ன வயதில் தானும் அதே கேள்வியைக் கேட்டாராம். ஊர்க் கிணற்றுப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்த தழும்பு. விழுந்ததுகூடப் பெரிதில்லை, குடம் உடைந்ததற்கு அம்மாவிடம் வாங்கிய அடிதான் கடைசி வரைக்கும் ஞாபகம் இருந்ததாம்.

அன்று இரவே வாட்ஸ்ஆப்பில் வாக்கியம் வந்துவிட்டது: "தழும்பு பட்டியல்ல இருக்கு, கதை ஆயாகிட்ட இருக்கு. போய்க் கேளுங்க." ஒரே மூச்சு. பிரியாணி வரிசையிலும் சொல்லலாம்.

இப்போது அந்த இரண்டு பக்கத்தில் இந்த வாக்கியத்துக்கு உதவுவது எது, உதவாதது எது என்று பார்த்து வெட்ட வேண்டும். காந்தி போனார். சாசனம் போனது. வள்ளியம்மையை வெட்டத்தான் மனசு வரவில்லை. காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய், 1914-இல் 16 வயதில் உயிரை விட்ட பெண், எப்படி விடுவது? ஆனால் அவருக்கு ஒரு தனிப் பேச்சு வேண்டும். இன்னொருவர் கதையில் ஒரு வரியாக ஓரத்தில் நிறுத்துவது அவருக்கும் மரியாதை இல்லை.

எண்களில் ஒன்று மட்டும் நின்றது. 1860-இலிருந்து 1911 வரை வந்தவர்கள் 1,52,184 பேர். இதை அப்படியே சொன்னால் காதில் நிற்காது. "ஒன்றரை லட்சம்" என்று சொல்லலாம்தான், ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு லட்சம் என்றால் எத்தனை சைபர் என்று தெரியாது. "மோசஸ் மபிடா ஸ்டேடியத்தைக் கிட்டத்தட்ட மூன்று தடவை நிரப்பலாம்" என்று மாற்றினோம். பின்வரிசைகூடத் தலை நிமிரும் இடம் அது. இதே மாதிரிதான், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் வருஷா வருஷம் போட்ட மூன்று பவுன் வரியும். அந்தக் காலத்தில் ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். மூன்று பவுன் என்று மட்டும் சொன்னால் இன்று யாருக்கும் ஒன்றும் தோன்றாது. முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் சம்பளத்துக்கு வந்தவருக்கு அது ஆறு மாதச் சம்பளம் என்று சொன்னால் வயிற்றில் இறங்கும். எண்ணைச் சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதைக் கேட்பவரின் கையில் ஒரு பொருளாக வைத்துவிடுங்கள்.

தொடக்கம்

"மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே..." என்று ஆரம்பித்து ஒவ்வொருவராகக் கும்பிட்டு முடிப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். ஐந்து நிமிடப் பேச்சில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதற்காகப் பெரியவர்களை விட்டுவிடவும் முடியாது, நம் ஊரில் யார் பெயர் விட்டுப்போனது என்று அடுத்த வருஷம் வரைக்கும் பேசுவார்கள். வழி இதுதான்: விழாவைத் தொகுத்து நடத்தும் எம்.சி. ஏற்கெனவே எல்லாரையும் வரவேற்றிருப்பார். நீங்கள் "பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்" என்று ஒரே வரியில் கும்பிட்டு, உடனே ஜூலு மொழியில் ஒரு வணக்கம், "சனிபோனானி", சொல்லுங்கள். சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து பதில் கணீரென்று வரும், ஹாலும் சிரிக்கும். உங்களுக்கு மூச்சு விட இரண்டு நொடி கிடைக்கும்.

அதற்கப்புறம் நேராக விஷயத்துக்குள் குதியுங்கள். அவளுடைய பழைய தொடக்கம் இப்படி இருந்தது: "இன்றைக்கு நாம் எல்லோரும் நம் முன்னோர்களின் வருகையை நினைவுகூரும் இந்த நன்னாளிலே உங்கள் முன்னிலையில் சில வார்த்தைகள் பேசக் கிடைத்த வாய்ப்புக்கு..." இதைக் கேட்கும்போதே கண் மெல்ல விசிறியின் பக்கம் போகும்.

புதிய தொடக்கம்: "எங்க ஆயாவோட ஆயாவைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்தது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் பாதி, அவங்க முழங்காலில் இருந்த தழும்பு."

என்ன தழும்பு, யார் முழங்கால் என்று ஹால் கேட்க ஆரம்பித்துவிடும். பதிலை உடனே சொல்லிவிடக் கூடாது. கப்பலைப் பற்றிச் சொல்லி, பட்டியலைப் பற்றிச் சொல்லி, மூன்றாவது நிமிடத்தில்தான் கிணற்றுப் படிக்கு வர வேண்டும்.

எழுதாமல் பேசி எழுதுங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது, எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. எழுத்தில் அது அழகு. பேச்சில், "சென்னையிலிருந்து கப்பலேறி, பல துன்பங்களை அனுபவித்து, இந்த மண்ணில் கால் வைத்து, கரும்புத் தோட்டங்களில் உழைத்து, கோயில்களைக் கட்டி, மொழியைக் காத்து, நம்மை வளர்த்த முன்னோர்கள்" என்று அடுக்கினால், கேட்பவர் கடைசிச் சொல் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். யார் என்ன செய்தார் என்று தெரிவதற்குள் கவனம் கழன்றுவிடும். அதையே "சென்னையில் கப்பல் ஏறினாங்க. ஒரு மாசத்துக்கு மேல கடல். இங்கே வந்து இறங்கினதும் கையில் கிடைச்சது ஒரு எண்" என்று உடைத்தால், ஒவ்வொரு வாக்கியமும் அதனதன் காலில் நிற்கும்.

ஆகவே போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கதையைச் சொல்லுங்கள். திருப்பிக் கேட்டு அதை அப்படியே எழுதுங்கள். அப்புறம் திருத்துங்கள். தாளில் முதலில் எழுதினால் கை தானாகவே செந்தமிழுக்குத் தாவிவிடும், நாக்கு பின்னால் நொண்டிக்கொண்டு வரும். செந்தமிழ் மேல் எனக்குப் பகை இல்லை. நன்றாகப் பழகியவர் வாயில் அது தேன். பழகாத பிள்ளை வாயில் அது கல்.

இரண்டு மொழி

தமிழில் ஒரு வாக்கியம், உடனே அதையே இங்கிலீஷில் ஒரு வாக்கியம் என்று போகிறவர்கள் உண்டு. தயவு செய்து வேண்டாம். தமிழ் தெரிந்தவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறார், தெரியாதவர் பாதி நேரம் சுவரைப் பார்க்கிறார். நேரமும் இரட்டிப்பாகும்.

நாங்கள் செய்தது வேறு. கதை முழுக்கத் தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாக, கையால் காட்டக்கூடிய சொற்களோடு. குடம், கிணறு, முழங்கால், அம்மா, அடி. அரைகுறைத் தமிழ் தெரிந்தவருக்கும் இது போய்ச் சேரும். கதை திரும்பும் இரண்டு இடங்களில் மட்டும் இங்கிலீஷ், அதுவும் மொழிபெயர்ப்பாக இல்லாமல் கதையின் அடுத்த அடியாக. பட்டியலில் இருந்த வரியை அது எழுதப்பட்ட இங்கிலீஷிலேயே வாசித்தாள். கடைசியில் பின்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் பேசும் இங்கிலீஷில் "இன்னிக்கே போய்க் கேளுங்க" என்றாள். முன்வரிசைக்கும் இது பிடிக்கும், பேரப்பிள்ளைகளிடம் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவர்களும் காத்திருக்கிறார்கள்.

வால்க, வால்க

நம் பிள்ளைகள் நிறையப் பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதி வைத்துப் படிக்கிறார்கள். அதில் குற்றம் காண ஒன்றும் இல்லை, எழுத்து தெரியாததற்காகப் பேசாமல் இருப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஆனால் அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் பல சமயம் ஒரே கோடாகிவிடும். "தமிழ் வாழ்க" என்பது "தமில் வால்க" ஆகி, முன்வரிசைத் தாத்தா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்கா மகளும் இங்கிலீஷ் எழுத்துதான். ழ வரும் இடத்தில் சிவப்புக் கோடு, ள வரும் இடத்தில் நீலக் கோடு என்று அடியில் போட்டுக்கொடுத்தேன். நாக்கு நுனியைப் பின்னால் சுருட்டி, மேலண்ணத்தைத் தொட்டால் ள, தொடாமல் விட்டால் ழ. வாழைப்பழம் என்று தினம் இருபது தடவை, குளிக்கும்போது. அவளுடைய பேச்சில் சிவப்புக் கோடு மொத்தமே ஒன்பது இடம். அவற்றிலும் "தழும்பு" நாலு தடவை வருகிறது, அந்த ஒரு சொல் சரியாக வந்துவிட்டால் போதும் என்று அதன் மேலேயே உழைத்தோம். வராத சொல் ஒன்று இருந்தால் மாற்றிவிடுங்கள். மேடை நாக்குப் பயிற்சிக்கான இடம் இல்லை.

முடிவை நெட்டுருப் போடுங்கள்

பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் மொத்த மாலையும் அறுந்துவிடும். ஆனால் முதல் இரண்டு வாக்கியமும் கடைசி மூன்று வாக்கியமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

இந்த நாட்டிலேயே அதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1964 ஏப்ரல் 20, பிரிட்டோரியா நீதிமன்றத்தில் மண்டேலா பேசியது ஏறக்குறைய மூன்று மணி நேரம், தாளைப் பார்த்துத்தான். கடைசிப் பத்தி வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதியை நேராகப் பார்த்து, சாகவும் தயார் என்ற அந்த வரிகளை மனசிலிருந்து சொன்னார். இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வரியில் "தேவைப்பட்டால்" என்ற பொருளில் ஒரு சின்னச் சொற்றொடர் இருக்கிறது. அவருடைய வழக்கறிஞர் ஜார்ஜ் பிசோஸ் யோசனை சொல்லிச் சேர்ந்தது அது. மரண தண்டனையை வலியக் கேட்கிற மாதிரித் தொனிக்கக் கூடாது என்பதற்காக. அவ்வளவு பெரிய பேச்சிலும் கடைசி வாக்கியத்தை இன்னொருவரிடம் காட்டி, சொல் சொல்லாக எடை போட்டிருக்கிறார்கள். நாம் "நேரமாகிவிட்டது, எனவே இத்துடன் என் சிற்றுரையை" என்று முடிக்கிறோம்.

ஒத்திகை

உட்கார்ந்து மனசுக்குள் படிப்பது ஒத்திகை ஆகாது. நின்று, சத்தமாக, கடிகாரம் வைத்து. அவள் நிதானமாகப் பேசியதை எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 85 தமிழ்ச் சொல் வந்தது. நாலு நிமிடத்துக்கு 340. அவள் தாளில் இருந்ததோ 510. மேடையில் வேகமாகப் பேசிச் சரிக்கட்டலாம் என்றாள். அது மட்டும் கூடவே கூடாது, பதற்றத்தில் வேகம் தானாகவே ஏறும், அதற்கு மேல் நாமும் அழுத்தினால் ஒரு சொல்லும் பிடிபடாது. 170 சொல்லை வெட்டினோம். அவளுக்குப் பிடித்த ஒரு உவமையும் அதில் போனது. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

மூன்று பேருக்கு முன்னால் பேசிக் காட்டச் சொன்னேன்: நன்றாகத் தமிழ் தெரிந்த ஒருவர், அரைகுறையாகத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள். "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேளுங்கள். தமிழ் தெரியாத அவளுடைய தோழி "முழங்கால்" என்றாள். சரி, போதும்.

தாளைக் கையடக்கக் கார்டாக மாற்றுங்கள். ஐந்து கார்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு சொல், பெரிய எழுத்து, மூலையில் எண். ஏன் எண் என்றால், நான் ஒரு கல்யாணத்தில் ஏழு பக்கத் தாளோடு எழுந்தேன். மேலே விசிறி முழு வேகத்தில். இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது மீதி ஐந்தும் பறந்து பந்தியில் சாம்பாருக்குப் பக்கத்தில் இறங்கின. பொறுக்கிக் கொடுத்தார்கள், ஆனால் எது எதற்கு அடுத்தது என்று யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்லிவிட்டு அவர் பிறந்ததைச் சொன்னேன்.

பயம்

பயம் போகாது. போக வேண்டியதும் இல்லை. லண்டனில் படித்தபோது காந்தியால் தான் எழுதியதைக்கூட எழுந்து வாசிக்க முடியாமல், வேறொருவர் வாசிக்க வேண்டியிருந்தது. விடைபெறும் விருந்தில் முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. அதே மனிதர் 1893-இல் இந்த நாட்டுக்கு வந்து, பிரிட்டோரியாவில் வியாபாரிகள் கூட்டத்தில் பேசினார். வாழ்க்கையில் தன் முதல் பொதுப் பேச்சு என்று அவரே சொல்லியிருக்கிறார். வியாபாரத்தில் உண்மையாக நடப்பது பற்றிய பேச்சு அது. விஷயத்தை நன்றாகத் தயார் செய்துகொண்டு போயிருந்தார், எதிரில் இருந்தவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றும் அவரிடம் இருந்தது. இந்த இரண்டும் இருந்தால் கை நடுங்கினாலும் வாய் பேசிவிடும்.

உடம்புக்குச் சின்ன வேலைகள் உண்டு. எழுவதற்கு முன் மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். வெந்நீர் குடியுங்கள், பால் டீ வேண்டாம், தொண்டையில் சளி கட்டும் என்பது என் அனுபவம். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள்.

அன்றைக்கு

அரை மணி முன்னால் போய், ஹால் காலியாக இருக்கும்போதே மைக் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. உங்கள் உயரத்துக்கு மைக்கை இறக்குங்கள், நீங்கள் குனியாதீர்கள். மேடையில் போய் நின்றதும் உடனே வாயைத் திறக்காதீர்கள். காலை ஊன்றி, கார்டை வைத்து, ஹாலைப் பார்த்து, மனசுக்குள் மூன்று எண்ணி, அப்புறம் வணக்கம். கண்ணை முன்வரிசையில் ஒரு முகம், நடுவில் ஒன்று, கடைசிச் சுவரில் ஒன்று என்று மூன்று இடத்தில் மாற்றி வையுங்கள்.

சொல் மறந்தால் நிறுத்துங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரிவது கேட்பவர்களுக்கு ஒரு மூச்சு. நவம்பர் மழை தகரக் கூரையில் கொட்ட ஆரம்பித்தால் போட்டி போட்டுக் கத்த வேண்டாம், கூரையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காத்திருங்கள். மின்சாரம் போய் மைக் செத்தால் மேடையை விட்டு இறங்கி முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவில் வந்து நின்று பேசுங்கள். மைக் இருந்ததைவிட நன்றாகவே போகும்.

இவளுக்கு மழையும் வரவில்லை, மின்சாரமும் போகவில்லை. கவுன்சிலர்தான் பதினெட்டு நிமிடம் பேசினார். எம்.சி. வந்து காதில், "மூணு நிமிஷத்துல முடிச்சுடுமா" என்றார். மூன்றாவது கார்டை எடுத்துப் பைக்குள் போட்டாள், ஸ்டேடியம் போனது, கதை தப்பித்தது. ஒவ்வொரு கார்டும் தனியாகக் கழலும்படி அமைக்கச் சொன்னது இதற்குத்தான்.

முடித்து இறங்கியதும் அன்று இரவே கார்டின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள், யார் என்ன கேட்டார்கள். மறுநாள் மறந்துவிடும். அக்கா மகள் கார்டைக் காட்டினாள். பிரியாணி வரிசையில் முன்பின் தெரியாத ஒரு ஆயா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏம்மா, எந்த முழங்கால்?" என்று கேட்டாராம். அவள் பேச்சில் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கார்டில் நீலப் பேனாவால் எழுதியிருந்தாள்: "இடது. அடுத்த தடவை சொல்லணும்."